கூரை ஏறிய பணம்

1

முழங்காலிலிருந்து தொடங்குகிறேன். காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது இரண்டு முட்டிக்குள்ளும் மணலைப் போட்டு அரைப்பதுபோல ஒரு வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, அது கொஞ்சம் அடங்கிய பிறகுதான் முதல் அடி வைக்க முடியும். நாளெல்லாம் மண்டியிட்டுத் தரையில் டைல்ஸ் ஒட்டுகிறவர்களுக்கு வருகிற வலி. இந்தக் கதையின் ஆள் ஒரு டைல்ஸ்காரர்.

பொய். அவர் டைல்ஸ்காரர் இல்லை. அந்த முழங்கால் என் அப்பாவுடையது. கதைக்குரியவரின் உண்மையான தொழிலைச் சொன்னால் நாலு பேர் அவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வலியை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டேன். மற்றதெல்லாம் பெரும்பாலும் அவருடையது.

ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்வது என் பிழைப்பு. அங்கே ஒரு திவால் மனுவை அடித்துக்கொண்டிருந்தபோது இந்தக் கதை வந்து உட்கார்ந்தது. இனிமேல் என்னால் கடனைக் கட்ட முடியாது, சட்டம் பார்த்து என்னை விடுவிக்கட்டும் என்று ஒரு மனிதர் நீதிமன்றத்தில் கையைத் தூக்குகிற மனு அது. மனுவை முடித்துக் கொடுத்துவிட்டேன். இதைத்தான் முடிக்க முடியவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"கடன் என்பது ஒரு"

அடித்துவிட்டேன். கடன் என்றால் என்ன என்று விளக்கத் தொடங்குகிறவன் கடன்பட்டவனாக இருக்க மாட்டான்.

இரண்டாவது:

"மாடிப்படியில் சென்ட் வாசனை ஏறி வந்ததும் டைல்ஸ்காரர் மின்விசிறியை நிறுத்தினார்."

இது பரவாயில்லை. இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அடுப்படியும் படுக்கையும் ஒன்றாக இருக்கிற வீடு. ஜன்னலை ஒட்டிப் படிக்கட்டு. அந்த வாசனை யாருடையது என்று டைல்ஸ்காரருக்கும் அவர் மனைவிக்கும் தெரியும். கடன் கொடுத்த நிறுவனத்தின் வசூல்காரன். பெயர் சொல்ல இருவருக்கும் வாய் வராது. சென்ட்டு என்றுதான் சொல்வார்கள். ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வரும், போன பிறகும் திரைச்சீலையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்துப் போய்விடட்டும் என்றுதான் விசிறியை நிறுத்தியது. இருவரும் சுவரோரம் தரையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"ஏங்க" என்றாள் மனைவி, உதட்டை மட்டும் அசைத்து. "செருப்பு வெளியில கிடக்கு."

"உன்னுதா, என்னுதா?"

"ரெண்டும்."

படியில் காலடி நின்றது. கதவைத் தட்டவில்லை. ஜன்னல் கண்ணாடியில் ஒரு நிழல் குனிந்தது. பிறகு மரியாதையான, சிரிப்பு கலந்த குரல்:

"அண்ணே, அவசரமே இல்ல. ஃபேன் சுத்தி நிக்கட்டும். அப்புறமா வந்து தொறங்க."

டைல்ஸ்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். இறக்கைகள் இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அது நிற்கிறவரை மூன்று பேரும் காத்திருந்தார்கள், இரண்டு பேர் உள்ளே, ஒருவன் வெளியே.

சென்ட்டு சத்தம் போடுகிறவன் இல்லை. சத்தம் போட்டால் பதிலுக்குச் சத்தம் போடலாம். உள்ளே வந்து, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு, "அண்ணி, கொஞ்சம் தண்ணி" என்றான். குடித்தான். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னான்:

"பாப்பா காலேஜுக்குப் போற பஸ்ஸ மாத்திடுச்சு போல. பழைய ஸ்டாப்புல காணோமே?"

மகளைப் பஸ் மாற்றிப் போகச் சொன்னது டைல்ஸ்காரர்தான்.

"சும்மா கேட்டேண்ணே. வர்றேன்."

அவன் படியிறங்கிய பிறகு மனைவி அந்த டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த சென்ட்டு வாங்குற காசுகூட நம்ம வட்டியிலதாங்க போகுது. கொஞ்சம் நல்லதா வாங்கிப் போட்டுக்கக் கூடாதா?"

டைல்ஸ்காரருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.*

* இந்த இடத்தில் வாசகர் சென்ட்டு ஏதாவது செய்வான் என்று எதிர்பார்க்கலாம். நானும் எதிர்பார்த்தேன். அவன் கடைசிவரை விரலைக்கூடத் தூக்கவில்லை. எப்போது தூக்குவான் என்று இவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான்.

3

கடன் எப்படி ஏறியது என்பதை ஒரு அத்தியாயமாக எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். சுருக்கம் இது: ஒரு பெரிய கட்டடத்துக்குத் தரைவேலை மொத்தமாகக் கிடைத்தது. சாமானும் ஆள்கூலியும் இவர் கைப்பொறுப்பு. வேலை முடியும் தறுவாயில் கட்டடத்துக்காரர் போர்டைக் கழற்றிக்கொண்டு காணாமல் போனார். ஒட்டின டைல்ஸைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு வரவா முடியும்? கூட வேலைசெய்தவர்களுக்குக் கூலி கொடுக்க ஒரு கடன், அந்தக் கடனுக்கு வட்டி கட்ட இன்னொன்று, அதற்குப் போனில் ஒன்று. (போனில் கடன் வாங்குவது சுலபம். இரண்டு முறை விரலால் தொட்டால் போதும். அதே போனில்தான் பிறகு அவர்கள் மனைவியின் அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் பேசினார்கள்.)

மனைவி ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் காய் நறுக்குகிறாள். அங்கே பாத்திரம் கழுவுகிற பெண் சொன்னாளாம், அவள் தங்கை வீட்டுக்காரர் கோர்ட்டில் மனு போட்டுத் தப்பித்தார் என்று.

"மஞ்சக் கடுதாசியா?" என்றார் டைல்ஸ்காரர். "தலையில துண்டப் போட்டுக்கிட்டுப் போகச் சொல்றியா?"

"இப்ப மட்டும் என்ன, கிரீடமா வச்சிருக்கீங்க? ஃபேனுக்குப் பயந்து தரையில உக்காந்திருக்கோம்."

மறுநாள் இருவரும் நான் தட்டச்சு செய்கிற அலுவலகத்துக்கு வந்தார்கள்.

4

வக்கீலம்மா அதிகம் பேசமாட்டார். பேசினால் ஆணி அடிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்வார்.

"மனுவ கோர்ட்டு ஏத்துக்கிச்சுன்னா உங்ககிட்ட நேரா வந்து யாரும் கேக்கக் கூடாது. வீட்டுக்கு வரக் கூடாது, போன் பண்ணக் கூடாது. கேக்கணும்னா கோர்ட்டுல கேக்கட்டும். உங்க சொத்து என்னன்னு ஒரு அதிகாரி பாப்பாரு. விக்கக்கூடியத வித்து எல்லாருக்கும் பங்கு போட்டுக் குடுப்பாரு."

"கட்டிங் மிஷின் ஒண்ணு இருக்கு" என்றார் டைல்ஸ்காரர். "அத எடுத்துட்டா நான் பிச்சதான் எடுக்கணும்."

"தொழில் சாமான் எடுக்க மாட்டாங்க. அடுப்பு, பாய், சட்டி எடுக்க மாட்டாங்க. எல்லாம் முடிஞ்சு கோர்ட்டு விடுதலை பண்ணிட்டா மிச்சக் கடன் ரத்து. அப்புறம் நீங்க சம்பாதிக்கிறது உங்களுது."

"ரத்துன்னா?"

"ரத்துன்னா ரத்துதான். கேக்கவே முடியாது."

டைல்ஸ்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவருடைய தோள்கள் இரண்டும் இறங்குவதை நான் என் மேஜையிலிருந்து பார்த்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் இறக்கிப் போட்ட பிறகு அப்படி இறங்கும். இத்தனை நாள் இப்படி ஒரு கதவு இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் பிள்ளைக்குப் பெண் யார் கொடுப்பார்கள் என்று பேசுகிற வீட்டில் வளர்ந்தவர்.

அப்போது வக்கீலம்மா கேட்டார்:

"கடைசி ஒரு வருஷத்துல சொந்தக்காரங்க யாருக்காவது கடனத் திருப்பிக் குடுத்தீங்களா?"

"குடுத்தேம்மா" என்றார் டைல்ஸ்காரர். குரலில் லேசான பெருமைகூட இருந்தது. "லோடு வண்டிய வித்து எங்க அக்காவுக்கு மொத்தமும் அடைச்சுட்டேன். ரெண்டு லட்சம். வேற யாருக்குக் குடுக்கலன்னாலும் கூடப் பொறந்தவளுக்குப் பாக்கி வைக்கக் கூடாதுல்ல?"

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"வண்டிய எப்ப வித்தீங்க?"

"போன மாசம்."

"அந்தப் பணத்த கோர்ட்டு உங்க அக்காகிட்டேருந்து திருப்பிக் கேக்கும்."

என் விரல்கள் நின்றன. டைல்ஸ்காரருக்குப் புரியவில்லை. அவர் மறுபடி மறுபடி ஒன்றையே சொன்னார்: "அது அவங்க பணம்மா. அவங்க எனக்குக் குடுத்த பணம்." வக்கீலம்மாவும் ஒன்றையே சொன்னார்: எல்லோருக்கும் பங்கு போக வேண்டியதை ஒருவருக்கு மட்டும் தூக்கிக் கொடுத்தால், அதுவும் சொந்தத்துக்குக் கொடுத்தால், சட்டம் அதைத் திரும்ப எடுக்கும்.

"எழுதாம விட்டுட்டா?" என்றாள் மனைவி, மிக மெதுவாக.

"சத்தியம் பண்ணிக் குடுக்கிற மனு இது. மறைச்சது தெரிஞ்சா மனுவே போயிடும். மேல கேஸும் வரும். தெரியுமா தெரியாதான்னு என்கிட்ட கேக்காதீங்க. பணம் எப்படிக் குடுத்தீங்க?"

"பேங்க்ல போட்டேன்" என்றார் டைல்ஸ்காரர். "அக்கா பத்திரமா இருக்கட்டும்னு."

5

(அக்காவைப் பற்றி எனக்கு இருந்த சந்தேகங்கள்.)

முதல் வரைவில் அக்காவைச் சாகடித்துவிட்டேன். இறந்துபோனவளிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது, டைல்ஸ்காரர் நிம்மதியாகக் கையெழுத்துப் போடலாம். படித்துப் பார்த்தால் என் வேலையைச் சுலபமாக்கிக்கொள்ள ஒரு பெண்ணைக் கொன்றிருக்கிறேன். எடுத்துவிட்டேன்.

இரண்டாவது வரைவில் அவளைப் பணப்பேயாக்கினேன். அப்போது கதையிலிருந்த பயம் போய்விட்டது. கெட்டவளிடமிருந்து பணம் போனால் நமக்கென்ன?

உண்மையான அக்கா இரண்டுமில்லை. ஒரு பெரிய சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை பார்த்தாள். தோள்பட்டை இறங்கிப்போய் வேலையை விட்டு நின்றபோது கையில் வந்த தொகையைத் தம்பி சிக்கலில் இருக்கிறான் என்று எண்ணாமல் தூக்கிக் கொடுத்தாள். திரும்பி வந்ததும் அதை என்ன செய்தாள் தெரியுமா? மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த தகரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு கான்கிரீட் கூரை போட்டாள்.

பணம் கூரை ஏறிவிட்டது. கீழே இறக்க முடியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நான் எழுதுவதற்கும் அவர் எழுதுவதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர் தொழிலை மாற்றிவிட்டேன், முழங்காலை மாற்றிவிட்டேன், என்னை யாரும் கேட்கப்போவதில்லை. பொய் சொன்னதற்குப் பாராட்டுக்கூடக் கிடைக்கலாம். அவர் ஒரே ஒரு வரியை விட்டால் கம்பி எண்ண வேண்டும். ஒரே மேஜை, ஒரே விசைப்பலகை. காலையில் அவருடைய மனுவை அடிக்கிறேன், சாயங்காலம் இதை. சில சமயம் கை தடுமாறி

விடுங்கள். அக்கா வீட்டுக்குப் போவோம்.

6

கதவைத் திறந்ததுமே அக்கா சொன்னாள்: "என்னடா, பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கிற?"

டைல்ஸ்காரர் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். புதுக் கூரை. இன்னும் சுண்ணாம்பு அடிக்கவில்லை. பலகை அடையாளம் வரிவரியாகத் தெரிந்தது. நடுவில் ஒரு கொக்கியில் பழைய மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"ஒழுகுதான்னு பாக்குறியா? அன்னைக்கு அவ்வளவு மழை பேஞ்சுது, ஒரு சொட்டு இல்ல. மொத முறையா சட்டி வைக்காமத் தூங்குனேன்."

"அக்கா."

"சொல்லு."

"மஞ்சக் கடுதாசி குடுக்கப் போறேன்."

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். "அப்பா பேரக் கெடுக்கவா?"

"அப்பா பேர்ல கடன் இல்லக்கா. எல்லாம் என் பேர்லதான்."

"இந்த வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல." சற்றுப் பொறுத்து, "சரி, குடு. அந்தப் பொட்டப்புள்ளய பஸ் ஸ்டாப்புல ஒருத்தன் வேவு பாக்குறான்னா, பேராவது ஊராவது."

"அது மட்டும் இல்ல. நான் உனக்குத் திருப்பிக் குடுத்தத கோர்ட்டு கேக்குமாம்."

"எத?"

அவர் மேலே கையைக் காட்டினார்.

அக்காவும் மேலே பார்த்தாள். முதலில் சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினாள்.

"அது என் பணம்டா."

"அதத்தான் நானும் சொன்னேன்."

"நான் குடுத்தேன், நீ திருப்பிக் குடுத்த. நடுவுல கோர்ட்டுக்கு என்ன வந்துச்சு?"

"மத்தவங்கள விட்டுட்டு உனக்கு மட்டும் குடுத்தது தப்பாம்."

"கூடப் பொறந்தவளுக்கு முதல்ல குடுக்காம அந்த சென்ட்டுப் பயலுக்கா குடுப்பே?"

"அதான் தப்பாம்."

"யார்ரா இந்தச் சட்டத்த எழுதுனவன்? அவனுக்கு அக்கா தங்கச்சி இல்லையா?"

டைல்ஸ்காரர் தரையில் உட்கார்ந்தார். அந்தத் தரை அவர் கூலி வாங்காமல் ஒட்டிக் கொடுத்தது. முட்டி மடங்க மறுத்தது. வங்கி வழியாகப் பணம் போனதைச் சொன்னதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கையில குடுத்திருக்கலாம்ல, மடையா?"

"நீ வழியில தொலைச்சுடுவன்னு..."

"நான் தொலைப்பேனா! வண்டிய, தொழில, பணத்த எல்லாம் தொலைச்சவன் பேசுறான் பாரு."

அக்கா மறுபடி கூரையை அண்ணாந்து பார்த்தாள். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கேட்டபோது குரல் மாறியிருந்தது. "கூரைய இடிப்பாங்களா?"

"இடிக்க மாட்டாங்கக்கா. பணமாத்தான் கேப்பாங்க. தவணை வாங்கித் தர்றேன்னு வக்கீலம்மா சொல்றாங்க."

"எத வச்சுத் தவணை கட்டுறது? இந்தத் தோள வச்சா?" வலது கையைத் தூக்கிக் காட்ட முயன்றாள். பாதியில் நின்றது. அதற்கு மேல் ஏறாது. "வாசலுக்கு ஆள் வருவாங்களாடா? உன் வீட்டுக்கு வந்த மாதிரி?"

இல்லை என்று சொல்ல நினைத்தார். எனக்கும் அதை எழுத ஆசை. ஆனால் அது உண்மையா என்று அவருக்கே தெரியாது.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்: "நான் என்ன பண்ணட்டும்?"

"மறைன்னு சொல்ல மாட்டேன். எழுதுன்னும் சொல்ல மாட்டேன்" என்றாள் அக்கா. "அத என் தலையில ஏத்தாத. போ."

7

முடிவுகள்.

(அ) அவர் மறைக்கிறார். மனு ஏற்கப்படுகிறது. போன் ஊமையாகிறது. சென்ட்டு தெருவில் எதிர்ப்பட்டு, "நல்லாருங்கண்ணே" என்று விலகிப் போகிறான். மனைவி பகலில் விசிறியை முழு வேகத்தில் வைக்கிறாள். ஒரு காலையில் அதிகாரி வங்கிக் கணக்கின் பக்கங்களைப் புரட்டுகிறார். புரட்டிக்கொண்டே வந்து, வண்டி விற்ற மாதத்தின் பக்கத்தில்

எழுதவில்லை. அவர் விரல் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று நானே வேண்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன்.

(ஆ) மனு போடாமல் வீட்டுக்குப் போகிறார். படியில் வாசனை.

கிழித்துவிட்டேன். அந்தப் படியில் அவரை இன்னொரு முறை ஏற்ற எனக்கு மனசில்லை.

(இ) நடந்தது. இதை நான் மாற்ற முடியாது, ஏனென்றால் என் கையால் அடித்தேன். வக்கீலம்மா கேட்டார், "வேற யாருக்காவது?" டைல்ஸ்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அக்காவுக்கு. ரெண்டு லட்சம். எழுதுங்க தம்பி."

எழுதினேன்.

மனுவைக் கோர்ட்டு ஏற்ற பிறகு டைல்ஸ்காரர் வாசலுக்கு யாரும் வரவில்லை. அந்த வாசனை திரைச்சீலையிலிருந்து போக ஒரு துவைப்புப் போதுமானதாக இருந்தது. மகள் மறுபடி பழைய பஸ்ஸிலேயே போனாள். அக்காவுக்குக் கடிதம் வந்தது. தவணை போட்டார்கள். சலவைக்கூடத்தில் மறுபடி வேலை கேட்டு நின்றாள். மடிக்கத் தோள் ஒத்துழைக்காது என்பதால் துணிகளைத் தரம் பிரிக்கிற மேஜையில் உட்காரவைத்தார்கள். அவள் கட்டியது எல்லாக் கடன்காரர்களுக்கும் பங்கு போனது. சென்ட்டின் நிறுவனத்துக்கும் ஒரு பங்கு. வாங்கியதை அவள் திருப்பிக் கட்டியதால் தம்பியின் பழைய கடன் மறுபடி உயிர்பெற்றது, பட்டியலின் கடைசியில் அக்காவின் பெயரையும் கடன்கொடுத்தவளாகச் சேர்த்தோம். அவளுக்குப் பங்காக வந்தது சில்லறை. மிச்சம், எல்லோருடைய மிச்சத்தையும்போல, விடுதலை உத்தரவில் ரத்தானது.

டைல்ஸ்காரர் அந்த உத்தரவை வாங்க வந்தபோது என்னிடம் கேட்டார்: "தம்பி, இதுல அக்காவுக்கு உள்ளதும் போயிடுச்சா?"

"போயிடுச்சுண்ணே. இனிமே அவங்க கேக்க முடியாது."

"அவ எங்க கேட்டா?" என்றார். "நான் குடுக்கலாம்ல?"

"அத யாரும் தடுக்க மாட்டாங்க."

அதற்குப் பிறகு அவர் அக்கா வீட்டுக்குப் போனதாகச் சொன்னார். என்ன நடந்தது என்று சொல்லவில்லை. ஆகவே இனி வருவது என் கற்பனை.

8

முதல் மாதச் சம்பாத்தியத்தில் மிச்சம் பிடித்ததை ஒரு கவரில் போட்டுச் சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறார். வெயில் நேரம். படிகள் குறைவுதான், ஆனால் முழங்கால் ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கேட்கிறது. சென்ட்டுக்குப் பயந்து உட்கார்ந்திருந்ததுகூட இதைவிடச் சுலபம். அவன் கேட்க வந்தவன். அவனிடம் இல்லை என்று சொல்லிவிடலாம்.

அக்காவின் செருப்பு வாசலில் கிடக்கிறது.

கதவுக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமுகிறார். உள்ளே ஏதோ சத்தம் இருந்தது. இப்போது இல்லை. எந்தச் சத்தம் நின்றது என்று அவருக்கு உடனே தெரியவில்லை. ஜன்னல் பக்கமாகக் குனிகிறார். கண்ணாடிக்கு அப்பால், புதுக் கூரைக்குக் கீழே, விசிறியின் இறக்கைகள் மெதுவாகச் சுற்றி அடங்கிக்கொண்டிருக்கின்றன.

வந்திருப்பது தவணை கேட்கிற ஆள் என்று பயந்தாளா? தம்பிதான் என்று தெரிந்து நிறுத்தினாளா? கூப்பிட்டால் திறப்பாளா? திறந்தால் அந்தக் கவரை வாங்குவாளா, முகத்தில் எறிவாளா? ஒவ்வொன்றையும் எழுதிப் பார்த்தேன். கதவைத் திறக்கிற உரிமை எனக்கு இல்லை. அவர் கையைத் தூக்கி நிற்கிறார். தட்டுவதும் விடுவதும் உங்கள் கையில்.

என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு வரி. எந்தப் பட்டியலிலும் இப்போது இல்லாத வரி. அதை மட்டும் அடித்துவிட்டு எழுந்துவிடுகிறேன்:

அக்காவுக்கு, கூரை போட்ட பணம், இரண்டு லட்சம். பாக்கி.